பெலாவான் சந்தையில் ஒரு தவக்கால வெள்ளி

பெலாவான் துறைமுகத்து வாசலுக்கு வெளியே, பொழுது சாய்ந்தால் தெருவே அடுப்பாகிவிடும். பகலில் லாரி போகிற சாதாரண ரோடுதான் அது. ஐந்தரை மணிக்கு மேல் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரியாது, தள்ளுவண்டியும் காவடி மாதிரி தோளில் தூக்கிய அடுப்புமாக ஜனங்கள் வந்து இறங்குவார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றுவார்கள், கரியை விசிறுவார்கள். அரை மணி நேரத்தில் ஒரு பர்லாங் தூரத்துக்குப் புகை. அதற்கு அவர்கள் பாஷையில் 'பாசார் மாலாம்', ராத்திரிச் சந்தை, என்று பெயர் என்று எங்கள் சாரங்கு சொன்னார். இந்தோனேசியாவில் எல்லா ஊரிலும் இது உண்டாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே போனது ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு என் கப்பல் இரண்டு தடவை பெலாவானில் நின்றது. நான் கரைக்கு இறங்கவில்லை.

போனது நான், என் அக்கா புருஷன், சாரங்கு, மூன்று பேர். சாரங்கு என்றால் கப்பல் தளத்தில் வேலை செய்கிற கலாசிகளுக்கெல்லாம் தலைவர். எங்களவர் நாகூர்ப் பக்கத்து மனிதர், மலாய் பேசுவார், அந்த ஊர் மனிதர்களோடு சொந்தக்காரர் மாதிரி சிரித்துப் பேசுவார். நானும் மாமாவும் ராயபுரம், கல்மண்டபத்துப் பக்கம். இருவரும் அந்தச் சரக்குக் கப்பலில் கலாசிகள். மாமாவுக்கு அது ஏழாவது கப்பல், எனக்கு இரண்டாவது. ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டு மீன் இறங்குகிற கரையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த என்னை, சாரங்கிடம் சொல்லிக் கப்பலில் ஏற்றிவிட்டவர் அவர்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதினால் மறைத்து வைத்திருந்த மாதிரி ஆகும்.

எனக்குக் கரையில் கால் வைத்ததும் பயம் வந்துவிடும். கரைக்குப் போகக் கொடுத்த பாஸ் சட்டைப் பையில் இருக்கிறதா என்று நூறு தரம் தொட்டுப் பார்ப்பேன். ஒன்பது மணிக்குள் திரும்ப வேண்டும். வாசலிலிருந்து எத்தனை நிமிஷம் நடந்தோம், திரும்ப எத்தனை ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நடப்பேன். வழியில் கொசு கடித்தால் காய்ச்சல் வருமோ என்று கடித்த இடத்தைப் பார்ப்பேன். மாமா அப்படி இல்லை. போன ஊரெல்லாம் தன் ஊர் என்று நினைக்கிற ஜாதி. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாஷை தெரியாமலேயே ஒவ்வொரு வண்டியிலும் நின்று, மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அங்கேயும் எல்லோரும் கைலி. தென்னை ஓலையைச் சின்னப் பெட்டியாகப் பின்னி அதற்குள்ளேயே சோற்றை வேகவைத்துத் தோரணம் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை தட்டையான கல்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அதோடு அவள் சேர்த்த இறால் கூழ் வாசனை அப்படியே எங்கள் கருவாட்டுக் களத்து வாசனை. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தார்கள். பச்சைப் புழு மாதிரி மாவைப் பிழிந்து, தேங்காய்ப் பாலும் வெல்லப் பாகும் ஐஸும் போட்டு டம்ளரில் தந்தார்கள். மாமா அதை வாங்கிக் குடித்துவிட்டு எனக்கும் நீட்டினார். ஐஸ் எந்தத் தண்ணீரில் போட்டதோ என்று நான் வேண்டாம் என்றேன்.

அடுத்தது சாத்தே வண்டி. மூங்கில் குச்சியில் கோர்த்த ஆட்டுக்கறித் துண்டுகளை நீள அடுப்பில் வரிசையாகப் போட்டு, முறம் மாதிரி விசிறியால் விசிறிக்கொண்டிருந்தான் ஒருவன். கொழுப்பு கரியில் சொட்டிச் சொட்டிப் பற்றி எரிந்தது. வெந்ததை எடுத்து, வேர்க்கடலையை அரைத்த கெட்டிக் குழம்பை மேலே ஊற்றி இலையில் கொடுத்தான். சாரங்கு மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். மாமா ஒரு குச்சியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"மாமா, இன்னிக்கு வெள்ளிக்கெழம," என்றேன்.

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் தவக்காலத்து வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி தொடக்கூடாது. கப்பலில் இருப்பவனுக்கு யாரும் அதைக் கேட்கப்போவதில்லைதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வருஷம் சும்மா சுத்தபோசனம் இல்லை. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய், மூன்றாவது தங்கியிருந்தது. ஆறாவது மாதம். இந்தப் பிள்ளை உயிரோடு கைக்கு வந்தால் போதும், வீட்டில் ஒருத்தர்கூட தவக்காலத்து வெள்ளியில் கறி தொடமாட்டோம் என்று கோயிலில் பொருத்தனை செய்திருந்தாள். கப்பலேறும் அன்று எங்கள் இருவரையும் பீடத்துக்கு முன்னால் நிறுத்திச் சொல்லவைத்தாள்.

மாமா குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம மெட்ராஸ்ல, மச்சான். இங்க கடியாரமே வேற."

"கடியாரம் வேறனா கெழமயும் வேறயா? அக்கா பொருத்தன வச்சிகீது."

"அவ இங்க வந்து பாத்துகினு கீறாளா?"

"அவ பாக்கல. வயித்துல புள்ள கீது."

மாமா குச்சியை இலையில் போட்டு, இலையோடு சாரங்கு பக்கம் தள்ளிவிட்டார். சாரங்கு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே மூன்று பங்கையும் தின்று முடித்தார். அவருக்கும் அது வெள்ளிக்கிழமைதான், அவர் தொழுகையை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பிறகு பெண்டாட்டிக்குத் துணி எடுக்க வேண்டும் என்று, எங்களை எட்டே முக்காலுக்கு வாசலில் நிற்கச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஒரு பாவத்தைத் தடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிள்ளையையே காப்பாற்றிவிட்ட மாதிரி நினைத்தேன்.

ஆனால் மாமாவுக்குப் பசி. மூக்கில் வாசனை காட்டிப் பிடுங்கிக்கொண்ட பசி. நாலு வண்டி தள்ளி ஒருவன் மட்டியைக் குவித்து வைத்திருந்தான். உருண்டையான, வரிவரியான ஓடு. மாமாவின் அம்மா எண்ணூர்க்காரி, கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டி எடுத்தவள். அவருக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மட்டி இன்னா ஆடா, மாடா? தண்ணியில கீற வஸ்து. இதுக்கு நம்ம கோயில்ல இன்னா சொல்றாங்க?"

மீன், நண்டு, மட்டி எல்லாம் சுத்தபோசனத்தில் சேர்த்திதான். நானே தலையாட்டினேன். என் தலையாட்டலைத்தான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கம் மட்டி என்றால் ஓடு தானாகப் பிளக்கும் வரைக்கும் கொதிக்கவிடுவார்கள். அந்த ஆள் மட்டியை ஒரு சட்டியில் அள்ளிப் போட்டு, கெட்டிலில் இருந்து வெந்நீரை ஊற்றி, இரண்டு சுற்றுச் சுற்றி வடித்துத் தட்டில் கொட்டினான். ஓடு மூடியேதான் இருந்தது. மாமா கட்டைவிரல் நகத்தால் நெம்பித் திறந்தார். உள்ளே ரத்தம் மாதிரி சிவப்புத் தண்ணீர்.

"மாமா, வேகல போல கீதே."

"கறி தின்னா பாவம், மட்டி தின்னா வேகல. நீ இன்னாதான் துன்னச் சொல்ற?"

 ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அவரைத் தடுக்க முடியும் என்று எனக்குத் தெரியும், அந்த ஒரு தடவையைச் சாத்தேயில் செலவழித்துவிட்டிருந்தேன். அவர் மிளகாய்ச் சாந்தைத் தொட்டுத் தொட்டு இரண்டு தட்டு தின்றார். கையை நக்கினார். எட்டரை மணிக்கெல்லாம் நான் அவரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வேலைக்கு எழவில்லை. பின்தளத்தில் எங்கள் அறைக்குப் பக்கத்துக் கக்கூசில் இருந்தார். பத்து மணிக்குள் எட்டு தடவை போனார். வாந்தி வேறு. நான் தளத்தில் கயிறு சுற்றிக்கொண்டே போகிற வருகிற நேரமெல்லாம் எட்டிப் பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. போனது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு ஒன்பது வயதாகும்போது ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு வாந்திபேதி வந்தது. சொன்னால் கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், பாயைக் கொளுத்துவார்கள், தெருவே காறித் துப்பும் என்று அப்பா அவனைப் பின்கட்டில் படுக்கவைத்து மறைத்தார். விடியட்டும் என்றார். விடிந்தபோது அவன் இல்லை. அந்த அரிசி கழுவிய தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எனக்கு அந்தக் கப்பலில் என்ன தெரிந்தது என்றால், மறைத்தால் செத்துப்போவார் என்று மட்டும்தான்.

இன்னொன்றும் தெரியும். அதைத்தான் எழுதக் கை கூசுகிறது. கப்பலேறும் எவனும் வாந்திபேதி ஊசி போட்டுக்கொண்டு, மஞ்சள் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். மாமாவுக்கு ஊசி என்றால் நடுக்கம். கை வீங்கி இரண்டு நாள் ஜுரம் வரும் என்பார். மெட்ராஸில் யாரோ ஒரு கம்பவுண்டரைப் பிடித்து ஊசி இல்லாமலேயே அட்டைக்கு முத்திரை வாங்கிவிட்டார். அவர் அதைச் சொல்லிச் சிரித்தது என் ஒருவனிடம்தான்.

முதலில் சாரங்கிடம்தான் போனேன், அதுதான் முறை. கலாசி என்ன சொல்வதானாலும் சாரங்கிடம் சொல்ல வேண்டும், ஆபீசரிடம் அவர் பேசுவார். அவர் வந்து மாமாவின் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். அரை வேக்காட்டு மட்டி செய்கிற வேலை இது, கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்துக்கொண்டே இரு, சாயங்காலம் பார்ப்போம் என்றார். அட்டை விஷயம் அவருக்குத் தெரியாது.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது.

"மச்சான், ஆபீசர் காதுக்குப் போவக்கூடாது. போச்சின்னா அட்டயப் பாப்பான். எம் புக்கு போயிடும்."

புக்கு என்றால் கப்பல் புத்தகம். அது இருந்தால்தான் கப்பல்காரன். இல்லாவிட்டால் துறைமுகத்து வாசலில் நிற்கிற ஆயிரம் பேரில் ஒருவன்.

போகாது மாமா என்று சொன்னேன். கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். அதையும் வாந்தி எடுத்தார். சாயங்காலம் வரைக்கும் என்று சாரங்கு சொன்னது எனக்கு அப்பா 'விடியட்டும்' என்று சொன்ன மாதிரியே காதில் விழுந்தது. பன்னிரண்டு மணிக்கு நான் ஏணிப் பக்கம் நின்றுகொண்டிருந்த இரண்டாவது ஆபீசரிடம் போனேன். வடக்கத்தி ஆள், தமிழ் தெரியாது. எனக்கு அவர் பாஷை தெரியாது. என் வாழ்நாளில் ஒரு ஆபீசரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"காலரா, சார்," என்றேன்.

அவர் முகம் மாறியது. யார் என்று கேட்டார், காட்டினேன். பிறகு தன் கைச்சதையைத் தட்டிக் காட்டி, "இஞ்செக்‌ஷன்?" என்றார்.

தலையை ஆட்டினேன். இல்லை என்று.

ஏன் ஆட்டினேன்? அட்டையில் முத்திரை இருந்தது. நான் சும்மா நின்றிருந்தால் போதும். ஊசி போடாதவன் என்று தெரிந்தால் டாக்டர் இன்னும் சீக்கிரம் வருவார், இன்னும் நல்ல மருந்து கொடுப்பார் என்று அந்த நிமிஷத்தில் நினைத்தேன். இதை எத்தனையோ பேருக்குச் சொல்வதாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் பொய் மாதிரியே இருக்கிறது. அது நிஜம்.

ஒரு மணி நேரத்தில் ஜீப்பில் துறைமுகத்து டாக்டர் வந்தார். கப்பலில் தொற்றுநோய் என்று காட்டுகிற மஞ்சள் கொடி ஏறியது. எல்லோருக்கும் மறுபடி ஊசி. மாமாவைக் கம்பளியில் சுற்றி ஸ்ட்ரெச்சரில் ஏணி வழியாக இறக்கினார்கள். இறக்கும்போது அவர் என்னைத் தேடினார். நான் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கப்பல் மூன்று நாள் சரக்கு ஏற்றாமல் நின்றது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டு வந்தது. காலரா இல்லை, கெட்ட மட்டி, அவ்வளவுதான். ஆள் தேறிக்கொண்டிருந்தார்.

ஆனால் பொய் அட்டை என்பது ஆபீசர்கள் எழுதுகிற கப்பல் பதிவேட்டில் ஏறிவிட்டது. யார் சொன்னது என்பதும் எழுதப்பட்டது. மாமாவை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பியது. சாரங்கு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட சொன்னதோட நிறுத்தியிருந்தா நான் முழுங்கியிருப்பேன் தம்பி," என்றார். "ஆபீசரு எழுதிட்டாரே."

வீட்டுக்கு முதலில் வந்தது நான். அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாமா சந்தையில் தின்றது ஒத்துக்கொள்ளவில்லை, கரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பயமில்லை, பின்னாலேயே வேறு கப்பலில் அனுப்பிவிடுவார்கள் என்றேன். என்ன தின்றார் என்று அவள் கேட்கவில்லை. என்றைக்கு என்று மட்டும் கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மாமா பாதி ஆளாக வந்து சேர்ந்தார். பிள்ளை பிறந்திருந்தது. பெண், முழுசாக, உயிரோடு. கப்பல் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். எதற்கு என்று அக்கா கேட்டதற்கு ஊசி அட்டைத் தகராறு என்று மட்டும் சொன்னார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கறி தொடவில்லை, மட்டிதான் தின்றேன் என்று அவர் எத்தனை தரம் சொன்னாலும் அக்கா நம்பவில்லை.

"புள்ளய உட்டுட்டு வேலய எடுத்துக்கினாரு ஆண்டவரு," என்று பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொல்வாள். கோபமாகக்கூட இல்லை, கணக்கு சரியாகிவிட்ட மாதிரி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மட்டிதான் அக்கா, நான் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வருமோ என்று விழுங்கிவிடுவேன்.

மாமா துறைமுகத்தில் நிலக்கரி இறக்கப் போனார். எண்ணூர்ப் பக்கம் மின்சாரத்துக்குப் போகிற கரி. காலையில் வெள்ளை பனியனோடு போய் மாலையில் கண் மட்டும் தெரிகிற மாதிரி வருவார். நான் கப்பலேறிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு வழி வந்தது. பிடுங்கிய புத்தகங்களை மறுபடி பார்க்கிறார்கள் என்று ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் மாமாவிடம் சொன்னார். ஊசி போடவில்லை என்று சொன்ன கலாசி, நான் பதற்றத்தில் இங்கிலீஷ் புரியாமல் தலையாட்டிவிட்டேன், அவர் ஊசி போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் புத்தகம் திரும்பக் கிடைக்கும். மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும்.

மாமா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். டைப் அடித்த தாளைப் பாய் மேல் வைத்தார். அக்கா கதவருகே நின்றிருந்தாள். அவர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான், அதற்கு முன்னும் பின்னும் எதுவும் கேட்டதில்லை.

நான் தாளைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டால் ஆபீசில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அன்றைக்கு ஒன்று சொன்னாய், இன்றைக்கு ஒன்று சொல்கிறாய், எது பொய் என்று கேட்பார்கள். என் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்வார்கள். எனக்கு அடுத்த வாரம் கப்பல்.

"பொய்ச் சத்தியம் மாமா. பாவம்," என்றேன்.

அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். முகத்தில் கழுவியும் கரி போகாமல் இருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

அக்காதான் கேட்டாள். "இவன் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? இவன் இன்னா பண்ணான்?"

தாளில் எல்லாம் எழுதியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாமா என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"அவன் ஒண்ணியும் பண்ணல," என்றார் மாமா. "கூட இருந்தான், அதான். வுடு."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசிக்கவும் செய்தேன். ஏழு நாளும் வேறு எதையும் யோசிக்கவில்லை. எட்டாம் நாள் கப்பலேறினேன். சிங்கப்பூர் போவதற்குள் மாதம் முடிந்துவிட்டது.

அவர் இன்னும் பதினோரு வருஷம் கரி சுமந்தார். இருமலில் போனார். கடைசி வரைக்கும் அக்கா அவருக்காகச் செபம் செய்யும்போது, அந்த வெள்ளிக்கிழமையை மன்னிக்கும்படிதான் கேட்டாள். நான் பக்கத்தில் முழங்காலில் இருந்து ஆமென் சொன்னேன்.